பறவை படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம்) ஏரிக்கரையோரம் நீண்ட லென்ஸோடு நின்றால், பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "அக்கா, இது என்ன கேமரா? எவ்வளவு வெள்ளி?" என்று கேட்பார். திருமண விருந்திலும் கேட்கிறார்கள், தேக்காவில் காய்கறி வாங்கும்போதும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நிதானமாகப் படிக்கலாமே என்று தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"என் கைப்பேசியிலேயே நல்லா ஜூம் ஆகுதே. தனியா கேமரா எதுக்கு?"

கொக்கு, நாரை, மைனா வரைக்கும் கைப்பேசி போதும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் சாம்பல் நாரை நடைபாதைக்குச் சில மீட்டர் தள்ளியே நிற்கும். ஒரு மீட்டர் உயரப் பறவை அது. கைப்பேசியில் அழகாக வரும். தேன்சிட்டு என்றால் கதை வேறு. அலகிலிருந்து வால் வரை 10, 11 செ.மீ.தான். கைப்பேசி ஒரு அளவுக்கு மேல் ஜூம் செய்வதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இறகின் இழைகள் தெரிய வேண்டிய இடத்தில் சாயம் பூசியது போல ஒரு வழவழப்பு மட்டும் இருக்கும்.

பறவை பார்ப்பதையே இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், கேமராவுக்கு முன்னால் எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். இரண்டு மூன்று மாதம் அதோடு நடந்தால் உங்கள் மனது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். சதுப்புநிலப் பறவையா, காட்டுப் பறவையா, வானத்தில் சுற்றும் பருந்தா? எந்த கேமரா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

"எத்தனை மி.மீ. லென்ஸ் வேணும்? 70-300 ஒண்ணு வீட்டுல இருக்கு, போதாதா?"

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 10 செ.மீ. பறவை 10 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 400 மி.மீ. லென்ஸ் வழியாகப் பார்த்தால் சென்சார் (கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லு) மேல் அதன் உருவம் 4 மி.மீ. விழும். ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23 மி.மீ. அதாவது படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு பறவை, மீதியெல்லாம் இலை. 300 லென்ஸில் அது 3 மி.மீ., 600 லென்ஸில் 6 மி.மீ. அதனால்தான் இங்கே பறவை எடுப்பவர்கள் 400க்குக் குறைந்து பேசுவதில்லை. பலர் கையில் 600 இருக்கும்.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 10 மீட்டரை 5 மீட்டராக்கினால் 400 லென்ஸிலேயே உருவம் 8 மி.மீ. ஆகிவிடும். பாதித் தூரம் நெருங்குவது லென்ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம், செலவும் இல்லை. பூத்திருக்கும் ஹெலிகோனியா செடிப் பக்கம் அசையாமல் இருபது நிமிடம் நின்றால் தேன்சிட்டு தானாகவே வரும். வீட்டில் இருக்கும் 70-300ஐ வைத்து முதலில் இதைப் பழகுங்கள். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் மட்டும் இது நடக்காது. அங்கே உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) சேற்றில் வெகு தூரத்தில் மேயும், நாம் பாதையை விட்டு இறங்கக் கூடாது.

"ஃபுல் ஃபிரேம் வாங்குனாத்தான் நல்ல படம் வரும்னு தம்பி சொல்றான். உண்மையா?"

திருமணப் படம் எடுப்பவருக்கு அது சரி. பறவைக்குப் பாதிதான் சரி. மேலே சொன்ன 4 மி.மீ. உருவத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலம். 24 மெகாபிக்சல் என்றால் குறுக்கே 6000 பிக்சல். பறவைக்குக் கிடைப்பது 670 போல. கேனன் ஆர்7 போன்ற 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் அதே 4 மி.மீ.க்குள் 1250 பிக்சல் வரை விழும். பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) விலையும் குறைவு. பறவை படச்சட்டத்தை நிரப்பாதபோது பெரிய சென்சாரின் ஓரங்களை நாம் வெட்டித்தான் போடுகிறோம்.

இருட்டில் ஃபுல் ஃபிரேமுக்கு ஒரு மேன்மை உண்டு, ஆனால் பறவை சட்டத்தை ஓரளவு நிரப்பினால்தான் அது கைக்கு வரும். நிரப்ப 600 மி.மீ. வேண்டும், 600க்குப் பணமும் தோள்பலமும் வேண்டும். முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

"83 மடங்கு, 125 மடங்கு ஜூம் கேமரா இருக்கே. அதை வாங்கினா லென்ஸே வேணாமே?"

நிக்கான் பி950, பி1000 இரண்டையும்தான் கேட்கிறார்கள். பி950 எட்டும் தூரம் ஃபுல் ஃபிரேமில் 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமம், பி1000 3000க்குச் சமம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் 6 மி.மீ. அகலம்தான், சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. நல்ல வெயிலில் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அருமை. தூரத்தில் நிற்பது எந்த உள்ளான் என்று அடையாளம் காணவும் உதவும். காட்டு நிழலுக்குள் போனால் படம் குழைந்துவிடும், பறக்கும் பறவையை ஃபோகஸ் பிடிக்காது.

என் அத்தை பணி ஓய்வு பெற்றபின் இந்த வகை ஒன்றைத்தான் வாங்கினார். பார்த்த பறவைகளைப் பதிவு செய்ய வேண்டும், பெரிதாக அச்சிடும் எண்ணமில்லை. அவருக்கு அது சரியான தேர்வு, இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறார். அடுத்தடுத்து முன்னேற நினைப்பவர் இதில் சீக்கிரமே சுவரில் முட்டுவார். ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும், படமும் நன்றாக வேண்டும் என்றால் சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பைத் தேடுங்கள். ஒரு அங்குல சென்சார், 600க்குச் சமமான ஜூம். 2017இல் வந்தது, நல்ல நிலையில் பழையது கிடைத்தால் போதும்.

"கையில இருக்கிற பணத்தை பாடிக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது?"

மூன்றில் இரண்டு பங்கு லென்ஸுக்கு. இதில் நான் பிடிவாதக்காரி. பாடி நான்கைந்து ஆண்டுகளில் பழசாகும், நல்ல லென்ஸ் பதினைந்து ஆண்டு உழைக்கும். விற்றாலும் லென்ஸின் விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

சிக்கனமாகத் தொடங்க கேனன் ஆர்10 அல்லது ஆர்7 உடன் 100-400 எஃப் 5.6-8 லென்ஸ் (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்). 2021இல் 650 அமெரிக்க டாலர் அளவில் வெளிவந்த லென்ஸ் அது. அடுத்த படியில் நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்போடு 180-600, அல்லது சோனி ஏ6700 உடன் 200-600. இந்த இரண்டிலும் லென்ஸ், பாடியை விட விலை கூட. கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்ப்பார், பரவாயில்லை. எந்த நிறுவனம் உயர்வு என்ற வாதத்துக்கு நான் போவதில்லை. மூன்றுமே இப்போது பறவையின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கின்றன. கையில் பிடித்துப் பாருங்கள். குடும்பத்தில் யாரிடமாவது லென்ஸ் இருந்து இரவல் கிடைக்கும் என்றால் அந்த நிறுவனமே உங்களுக்கு உயர்வு.

"பழைய டிஎஸ்எல்ஆர் இப்ப மலிவா வருதே, வாங்கலாமா?"

வாங்கலாம். 2016இல் வந்த நிக்கான் டி500, அதோடு 200-500 எஃப் 5.6. இந்த இணையை வைத்து எடுத்த அற்புதமான படங்கள் ஏராளம். பேட்டரி நாள் முழுதும் வரும். டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்ப்பதால் பறவையைத் தாமதமின்றித் தொடரலாம்.

இழப்பது இரண்டு. ஒன்று, மேலே சொன்ன கண் தேடும் வசதி. இலைக்கூட்டத்துக்குள் இருக்கும் மாங்குயிலின் கண்ணை இந்தக் கால மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமரா தானே கண்டுபிடிக்கும், டி500இல் நீங்கள்தான் ஃபோகஸ் புள்ளியை நகர்த்த வேண்டும். இரண்டாவது, எடை. பாடியும் லென்ஸும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டும்.

"அம்மாவுக்கு 63 வயசு. ரெண்டு கிலோ லென்ஸைத் தூக்க முடியுமா?"

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் இரண்டை ஒரு துணிப்பையில் போட்டு, இரண்டு கைகளாலும் கண் உயரத்துக்குத் தூக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். பெரிய ஜூம் லென்ஸோடு பாடியும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த எடைதான். அரை நிமிடத்தில் கை நடுங்கினால் அந்த லென்ஸ் அலமாரியில் தூங்கும். பேருந்து ஏறி, எம்ஆர்டி மாறி, கிராஞ்சியில் இறங்கி நடப்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேனன் 100-400 வெறும் 635 கிராம். சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல், நிக்கான் 180-600 ஏறக்குறைய அதே எடை. ஓஎம் சிஸ்டம் கேமராக்களின் சென்சார் சிறியது. அவற்றின் 300 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 600 எட்டும் தூரத்தை எட்டும், எடையும் மிச்சம். வயதானவர்களுக்கும் மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் அதைத்தான் முதலில் காட்டுவேன். கையோடு போகாத கேமராவில் படம் வராது, அதனால் எடையை விலைக்குச் சமமாக எண்ணிப் பாருங்கள்.

"மெக்ரிச்சி காட்டுக்குள்ள எடுத்தா எல்லாம் இருட்டா, புள்ளிபுள்ளியா வருது. கேமரா கோளாறா?"

கோளாறு இல்லை, வெளிச்சம் இல்லை. மரக்கூரைக்குக் கீழே உண்மையிலேயே இருட்டு. வெளியே கண் கூசும் வெயிலாக இருக்கும்போதும் உள்ளே ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 6400 கேட்கும். இங்கேதான் லென்ஸின் எஃப் எண் பேசுகிறது. எஃப் 8இலிருந்து எஃப் 4க்கு வந்தால் நான்கு மடங்கு ஒளி. எஃப் 4 லென்ஸுகள் ஏன் அவ்வளவு விலை என்பதற்குக் காரணமும் அதுதான்.

அதை வாங்க முடியாதவர் செய்யக்கூடியது: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டரை (படம் பதியும் நேரத்தை) துணிந்து 1/125 நொடி வரை இறக்குங்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பத்துப் பதினைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள், இரண்டு கூர்மையாக வரும். ராவாக (கேமரா மாற்றாத மூலக் கோப்பாக) எடுத்து, வீட்டில் புள்ளி நீக்கும் மென்பொருளில் போடுங்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுத்துப் பிறகு வெளுப்பாக்காதீர்கள், புள்ளிகள் அப்போதுதான் அதிகமாகத் தெரியும்.

"நொடிக்கு 30 படம் எடுக்குதாம். பறக்கிற பறவைக்கு அது இருந்தா போதுமா?"

அந்த எண் பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஷட்டரின் எண். சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது. படிப்பது மெதுவாக இருந்தால் அதற்குள் இறக்கை இடம் மாறிவிடும், படத்தில் இறக்கை வாழைப்பழம் போல வளைந்து நிற்கும். ஆர்7இல் இது நன்றாகவே தெரியும். அதன் மெக்கானிக்கல் ஷட்டர் நொடிக்கு 15 படம் எடுக்கிறது, பறப்பவற்றுக்கு அதையே பயன்படுத்துங்கள். ஸ்டாக்டு சென்சார் உள்ள நிக்கான் இசட்8, ஓஎம்-1, ஃபுஜி எக்ஸ்-எச்2எஸ் போன்றவை வேகமாகப் படிப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எண்ணை விடப் பயனுள்ளது, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேமித்துத் தரும் வசதி. மீன்கொத்தி கிளையை விட்டுக் கிளம்பும் கணத்தை மனிதக் கை பிடிக்காது, இது பிடிக்கும். கடைசியாக, ஷட்டர் 1/2500க்குக் குறையக் கூடாது. செம்பருந்து வட்டமிடும்போது 1/1600 போதும்.

"நம்ம ஊர் ஈரத்துக்கு லென்ஸ்ல பூஞ்சை வருமாமே?"

வரும். கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு ஒரு கடையில் வாங்கிய பழைய லென்ஸுக்குள் கைப்பேசி விளக்கை அடித்தபோது, ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கிச் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் கிளை விட்டிருந்தன. கடை விளக்கின் வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை. சுத்தம் செய்தும் கண்ணாடிப் பூச்சில் தடம் போகவில்லை.

டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) ஒன்று வாங்கி ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். வரவுசெலவுக் கணக்கு போடும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள். உடனே முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஆனால் ஜெல்லின் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். துணி அலமாரியும் தோல் பையும் வேண்டாம். இன்னொன்று, குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே வந்து பையைத் திறந்தால் லென்ஸ் முழுதும் பனி மூடிக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வையுங்கள். நான் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவே குளிரூட்டி இல்லாத அறைக்கு மாற்றிவிடுவேன்.

"எங்க வாங்குறது? செகண்ட் ஹேண்ட் நம்பலாமா?"

புதியது என்றால் லோக்கல் செட்டா (இங்கே விற்க வந்தது), எக்ஸ்போர்ட் செட்டா (வெளிநாட்டுச் சந்தைக்கானது) என்று முதலில் கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட் விலை குறைவு, ஆனால் உள்ளூர் உத்தரவாதம் பெரும்பாலும் இருக்காது. சொல்லும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பொருளுக்கு சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கமுள்ள பெனின்சுலா கடைத்தொகுதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். கேமராக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன.

போகும்போது சொந்த மெமரி கார்டு, கைப்பேசி விளக்கு இரண்டும் எடுத்துப் போங்கள். மேலே சொன்ன பூஞ்சை இழைகளைத் தேடுங்கள். ஜூமை முழுதும் நீட்டி, மிகச் சிறிய எஃப் எண்ணில் எழுத்துப் பலகை ஒன்றை எடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். ஃபோகஸ் ஓடும்போது கரகர சத்தம் வந்தால் வேண்டாம். கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இங்கே பழுதுச் சட்டம் (லெமன் லா) பொருந்தும். ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் பழுது பார்த்தோ மாற்றியோ தரச் சொல்லிக் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

"டெலிகன்வெர்ட்டர் போட்டா 400, 560 ஆகிடுமே?"

ஆகும். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் சிறு லென்ஸ் அது. ஆனால் 1.4 மடங்கில் ஒளி பாதியாகும், 2 மடங்கில் கால்வாசியாகும். எஃப் 8 லென்ஸ் எஃப் 11 ஆகி, காட்டுக்குள் ஒன்றுமே தெரியாது. எஃப் 4 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸுக்கு நல்லது, மலிவு ஜூமுக்கு வீண் செலவு.

"வாங்கியாச்சு. எங்க போய்ப் பழகுறது?"

பூமலை, ஜூரோங் லேக் கார்டன்ஸ், பீஷான் பூங்கா. பாதை அகலம், வெளிச்சம் தாராளம், பறவைக்கும் மனிதர்களைப் பார்த்துப் பழக்கம். மீன்கொத்தி, மாங்குயில், பஞ்சுருட்டான், தேன்சிட்டு எல்லாம் கிடைக்கும். அப்புறம் பாசிர் ரிஸ் பூங்கா, அங்கே ஆந்தை பார்க்கலாம். புலாவ் உபின் தீவில் இருவாச்சி. நூறாண்டுக்கு மேல் சிங்கப்பூரில் இல்லாமல் போயிருந்த பறவை அது, 1994இல் உபினில் மீண்டும் காணப்பட்டது. இன்று சாங்கிப் பக்கம் வீட்டு மரங்களிலும் உட்காருகிறது. சூரியன் ஆண்டு முழுதும் ஏழு மணியை ஒட்டியே உதிக்கும். ஏழிலிருந்து ஒன்பது வரைதான் ஒளி மிருது.

"பழம், புழு வெச்சா கிட்ட வருமே? கைப்பேசியில அதோட குரலைப் போட்டா?"

உணவு வைப்பது சட்டப்படி குற்றம். வனவிலங்குச் சட்டத்தின் கீழ் முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வரை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். புழு வைத்த இடத்தில் பறவை சாலையோரமாகவும் தரையிலும் இறங்கப் பழகிவிடும்.

குரலைப் போட்டால் தன் இடத்துக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று அது பதறி வருகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரம் அதில் போகிறது. கூடு தெரிந்தால் விலகிப் போங்கள், இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், மறைக்கும் இலையை ஒடிக்காதீர்கள். நெருங்க வேண்டுமானால் இரண்டாவது கேள்வியில் சொன்ன இருபது நிமிடம் இருக்கிறது.

"நீங்க சொன்ன மாதிரியே வாங்கினேன். ஆனாலும் படம் கூர்மையா இல்லையே அக்கா?"

முதலில் எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். பத்து மணிக்கு மேல் சேற்று நிலத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வெப்பம் எழும்பும், காற்றே அலையடிக்கும். அதற்குள் 50 மீட்டர் தூரப் பறவையை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. சுங்கை பூலோவில் மதியம் எடுத்த படம் நீருக்குள் எடுத்தது போல இருப்பது இதனால்தான்.

அடுத்தது ஷட்டர். உட்கார்ந்திருக்கும் தேன்சிட்டுகூடத் தலையை இடைவிடாமல் திருப்பும். நல்ல வெளிச்சத்தில் 1/800க்கு மேல் வையுங்கள். அதுவும் சரி என்றால், லென்ஸ் முன்னால் திருகிய மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது. அதற்கும் பிறகு மங்கலாக இருந்தால்தான் லென்ஸைச் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

"இப்பவே வாங்கட்டுமா, அடுத்த மாடல் வரட்டுமா?"

பறவைகளின் நாட்காட்டியைப் பாருங்கள். வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். ஜூலையிலோ ஆகஸ்டிலோ வாங்கினால், ஃபோகஸ் பொத்தான் எங்கே, ஐஎஸ்ஓ எப்படி மாற்றுவது என்று புளோக்குக்குக் கீழே இருக்கும் மைனாக்களை வைத்தே விரல்களுக்குப் பழக்கிவிடலாம். முதல் உள்ளான் கூட்டம் சுங்கை பூலோவில் இறங்கும்போது கண் பறவை மேல் இருக்கும், கேமராவைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்காது.